துடிப்பான குதிரையைக் காயத்துக்குப் பிறகு மீண்டும் சவாரிக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முன்னங்கால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்து, மூன்று மாதம் லாயத்திலேயே நின்ற, தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரை ஒன்றை வெளியே நடத்திப் பாருங்கள். வால் நிமிரும், மூக்குத் துவாரம் விரியும், கால் தரையில் பாவாது. பார்ப்பவர்கள் எல்லோரும் "குணமாகிவிட்டது, ஏறலாம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனையோ நல்ல குதிரைகள் அதே காலில் இரண்டாம் முறையும் கிழிபட்டிருக்கின்றன.

குதிரையின் உடம்பு ஒரே வேகத்தில் தேறுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியில் பழைய நிலைக்கு வந்துவிடும். தசைகளுக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். எலும்பும் தசைநாணும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கடுமையாகக் கிழிந்த தசைநாணுக்கு ஒன்பது மாதம் முதல் ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகலாம். உற்சாகமோ முதல் நாளே திரும்பிவிடுகிறது. மந்தமான குதிரை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். துடிப்பான குதிரைக்கு அந்தக் காவல் கிடையாது, அதைச் செய்ய வேண்டியவர் நீங்கள்தான். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: அட்டவணையைக் குதிரையின் மனநிலையைப் பார்த்துப் போடாதீர்கள், தசைநாணைப் பார்த்துப் போடுங்கள்.

பந்தயத்திலிருந்து விலகிச் சவாரிப் பள்ளிகளுக்கும் தனியாருக்கும் வரும் குதிரைகளிடம் அதிகம் காணும் காயம் என்பதால், முன்னங்காலின் பின்புறம் முழங்காலுக்கும் கணுவுக்கும் இடையே ஓடும் மேலோட்டத் தசைநாணின் கிழிசலையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். முதுகுவலி, குளம்புச் சீழ், வயிற்று அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குக் கால அளவு மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது.

தசைநாண் ஏன் இவ்வளவு தாமதிக்கிறது

குதிரையின் முழங்காலுக்குக் கீழே சதை என்று சொல்லத் தக்கதாக எதுவும் இல்லை. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். இரத்த ஓட்டமும் குறைவு. பாய்ந்து ஓடும்போது இந்தத் தசைநாண் நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி, உள்ளே வெப்பத்தைச் சேர்க்கிறது. அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கிழிசல் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான் தொடங்குகிறது. ஆறும்போது அங்கே உருவாவது பழைய இழை அல்ல, தழும்புத் திசு. அது முதலில் தாறுமாறாகவே படரும். அளவான சுமை, சரியான திசையில், நாள்தோறும் கிடைத்தால்தான் இழைகள் நீளவாக்கில் ஒழுங்குபடும். ஆகவே வெறும் ஓய்வு மருந்தாகாது. அளவறிந்த நடைதான் மருந்து. விலை உயர்ந்த ஊசிகளும் ஸ்டெம் செல் சிகிச்சைகளும் இப்போது உண்டு. எதைச் செய்தாலும் நடைப் பயிற்சியின் அட்டவணையைத் தாண்ட முடியாது.

முதல் படி: வலியா, துள்ளலா?

பின்னங்காலை உதைக்கும் குதிரையைப் பார்த்துச் "சண்டி" என்று முத்திரை குத்துவது நம்மிடையே சுலபமாக நடக்கிறது. சேணம் கட்டும்போது கடிக்க வருவது, வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்குவது, வாலைச் சுழற்றிக்கொண்டே இருப்பது, ஒரே பக்கத்துக்குத் திரும்ப மறுப்பது இவையெல்லாம் குணக்கேடு என்று எழுதிவிடுமுன் உடம்பைச் சோதிக்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த குதிரை எலும்பியல் மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் எட்டு அல்லது அதற்கு மேல் தென்பட்டால் உடம்பில் வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவருடைய முடிவு. துடிப்பான குதிரை வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலைக் கற்றே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

ஏறுவதற்கு முன் இவற்றை முடித்துவிடுங்கள்:

– கால்நடை மருத்துவர் நேர்கோட்டில் நடக்கவிட்டும் ட்ராட் (நடையைவிட வேகமான துள்ளு நடை) செய்யவிட்டும் பார்க்க வேண்டும். தசைநாணுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அவசியம். உள்ளூரில் வசதி இல்லையென்றால், வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் விசாரியுங்கள். முதல் ஸ்கேன் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஒவ்வொரு முடிவும் அதோடு ஒப்பிட்டுத்தான் எடுக்கப்படும்.

– பல்லின் கூர்முனைகளை ராவச் சொல்லுங்கள். கடிவாளத்தோடு சண்டையிடும் குதிரைகளில் பல, வாய்ப்புண்ணோடு சண்டையிடுபவைதான்.

– இரைப்பைப் புண் இருக்கிறதா என்று கேளுங்கள். பந்தயக் குதிரைகளில் இது மிகச் சாதாரணம். லாயத்தில் அடைந்து கிடப்பதும் வெறும் வயிற்றோடு நிற்பதும் இதை வளர்க்கும்.

– லாடம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். முன்பக்கம் நீண்டு, குதிகால் பகுதி தாழ்ந்த குளம்பு காலின் பின்புறத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். லாடம் அடிப்பவரும் மருத்துவரும் ஒரே நாளில் சேர்ந்து நின்று பேசிக்கொள்வது நல்லது.

– சேணம். மாதக்கணக்கில் நின்ற குதிரையின் முதுகுத் தசை வற்றியிருக்கும். முன்பு கச்சிதமாக உட்கார்ந்த சேணம் இப்போது பிடரி முடிவடையும் மேட்டின்மீது நேராக அழுந்தும். ஏறத் தொடங்கும் நாளிலும், பிறகு மாதம் ஒருமுறையும் சரிபாருங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வலி மாத்திரை கொடுத்துக்கொண்டு சவாரி செய்யாதீர்கள். ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்து வலியைத்தான் மறைக்கும், கிழிசலை ஒட்டவைக்காது.

கையால் பார்க்கும் பழக்கம்

ஸ்கேன் சில மாதத்துக்கு ஒருமுறைதான். இடையிலுள்ள நாள்களில் உங்கள் விரல்கள்தான் கருவி. தினமும் அதிகாலை, குதிரை லாயத்தை விட்டு வெளியே வருமுன், ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

முதலில் பக்கவாட்டில் குனிந்து, கால் ஊன்றி நிற்கும்போதே முழங்காலுக்குக் கீழ் பின்புறக் கோட்டைப் பாருங்கள். அது நேராக இருக்க வேண்டும். வில்லாகப் புடைத்திருந்தால் வீக்கம். பிறகு புறங்கையை வைத்து இரண்டு காலிலும் சூட்டை ஒப்பிடுங்கள்; உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும். அடுத்து காலைத் தூக்கி முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தசைநாணைப் பிடித்து மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல தசைநாண் விளிம்பு தெளிவாக, ஒரே தடிமனாகத் தட்டுப்படும். ஓரிடத்தில் தடித்து, விளிம்பு மழுங்கி, அங்கே அழுத்தியதும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தால் அன்றைய பயிற்சி கிடையாது. அடுத்த காலிலும் இதையே செய்யுங்கள். இரண்டு காலிலும் ஒரே அளவுக்குக் கூச்சம் காட்டினால் அது குதிரையின் சுபாவமாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் என்றால் சுபாவம் அல்ல.

கடைசியாக, கணுவின் பின்பக்க ஓரத்தில் விரல் வைத்து நாடியைத் தேடுங்கள். நலமான காலில் அது கிடைப்பதே கடினம். தேடாமலேயே படபடவென்று துடித்தால் குளம்பில் ஏதோ நடக்கிறது.

இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள். "நேற்றும் இப்படித்தான் இருந்தது" என்று மனம் சமாதானம் சொல்லும்.

தீவனம்: துள்ளலைக் குறைக்க முதல் வழி

வேலை இல்லாத குதிரைக்கு வேலை செய்யும் குதிரையின் தீவனத்தைக் கொடுத்துவிட்டு, அது குதிக்கிறதே என்று குறைபடுவதில் நியாயமில்லை. ஓய்வு தொடங்கிய அன்றே ஓட்ஸையும் கொள்ளையும் பாதிக்கும் கீழே இறக்குங்கள். வயிறு நிறைய வேண்டியது நார்த்தீவனத்தால். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் நாளுக்கு 7 முதல் 9 கிலோ புல்லும் வைக்கோலும் வேண்டும். அதையும் நாள் முழுவதும் பரவலாகப் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு விஷயத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம்மிடம் மலிவாகக் கிடைப்பது நேப்பியர் வகைப் பசும்புல்லும் கோதுமைத் தவிடும். நேப்பியரில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போடும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அதுவும் கால்சியத்துக்கு எதிராகவே வேலை செய்யும். மாடுகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். குதிரையின் எலும்போ மெல்ல மெல்ல வலுவிழக்கும், காரணம் பிடிபடாத நொண்டல் வரும். காயம் ஆறும் காலத்தில் இந்த இரண்டை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து. குதிரை மசாலை (லூசர்ன் என்ற தீவனப்பயிர்) தினமும் சேருங்கள். கால்சியம் கிடைக்கும், இரைப்பையின் அமிலமும் தணியும். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு கைப்பிடி குதிரை மசால் தின்னக் கொடுத்துவிட்டு வெளியே கொண்டுபோனால், வயிறும் காலியாக இருக்காது, குதிரையும் சற்று நிதானமாக வரும்.

சாதாரண உப்பு நாளுக்கு 25 கிராம். தண்ணீர் எப்போதும்.

கையில் பிடித்து நடத்தும் காலம்

முழு வழியிலும் கடினமான பகுதி இதுதான். சவாரியைவிட இது ஆபத்தானது என்றே சொல்வேன். அடைபட்டுக் கிடந்த குதிரை தரையில் நிற்கும் மனிதரைச் சுற்றித் துள்ளும்போது, அதன் காலுக்கும் உங்கள் தலைக்கும் இடையே அதிக தூரம் இருக்காது.

ஹெல்மெட், கையுறை, மூடிய காலணி மூன்றும் கட்டாயம். வெறும் தலைக்கயிறு போதாது, கடிவாளம் மாட்டுங்கள். மூன்று மீட்டர் நீளமுள்ள பருத்திக் கயிறு இருக்கட்டும். அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடிப்பு மடிப்பாகப் பிடியுங்கள். நிற்க வேண்டிய இடம் குதிரையின் தோளுக்குப் பக்கம். முன்னால் போய் நின்று இழுக்காதீர்கள்.

அனுமதி கிடைத்ததும் நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து முதல் பத்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போய், மூன்றாம் மாத வாக்கில் அரை மணி முதல் முக்கால் மணி வரை. நேர்கோட்டில், சமமான, கெட்டியான தரையில். ஆழமான மணலில் கால் புதைந்து எழும்போது தசைநாண் வேண்டாத இழுப்பு வாங்கும். கடற்கரை மணல் மென்மையாக இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோவது இந்தக் கட்டத்தில் தவறு. கயிற்றில் வட்டம் சுற்றவிடுவதும் வேண்டாம். வட்டம் உள்பக்கக் காலில் சுமை ஏற்றும், துடிப்பான குதிரைக்கு வேகம் எடுக்க வாய்ப்பும் தரும்.

துள்ளலைச் சமாளிக்க வலிமை உதவாது, ஒழுங்கு உதவும். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே குதிரைக்காரர். மற்ற குதிரைகள் மைதானத்துக்குக் கிளம்பும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சாதுவான வயதான குதிரை ஒன்றை முன்னால் நடக்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வெறுமனே நடத்தாமல் மூளைக்கும் வேலை கொடுங்கள்: இருபது அடி நடந்து நிற்பது, இரண்டடி பின்வாங்குவது, தரையில் போட்ட கம்பை நிதானமாகத் தாண்டுவது. இப்படிப் பத்து நிமிடம் நடந்த குதிரை, அரை மணி நேரம் சும்மா நடந்த குதிரையைவிட அதிகமாகக் களைத்து, அமைதியாக லாயத்துக்குத் திரும்பும்.

அப்படியும் கட்டுக்குள் வரவில்லையென்றால் மருத்துவரிடம் மயக்கமூட்டும் மருந்து பற்றிப் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒரு துள்ளல் மூன்று மாத உழைப்பைக் கெடுக்கும். ஏசிபுரோமசின் இதற்கு வழக்கமாகப் பயன்படுகிறது. ஆண் குதிரைகளுக்கு அதில் அரிதான, ஆனால் தீவிரமான ஒரு பக்கவிளைவு உண்டு. ஆகவே அளவும் முடிவும் மருத்துவருடையதாக இருக்கட்டும்.

லாயத்துக்குள்ளேயும் செய்ய வேண்டியது உண்டு. கேரட்டைக் காட்டி, கழுத்தை மார்புக்கும், முன்கால்களுக்கு இடையிலும், இரண்டு விலாவுக்கும் வளைக்கவையுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஐந்து முறை, மெதுவாக. முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசைகள் இதனால் வளர்வது ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. சேணம் தாங்கப்போகும் முதுகுக்கு இது அடித்தளம்.

மீண்டும் ஏறும் நாள்

இரண்டாவது ஸ்கேன் நன்றாக வந்த பிறகுதான். படத்தில் கிழிசலின் கறுப்புப் பகுதி நிரம்பியிருக்க வேண்டும்.

அன்று கையில் பிடித்து இருபது நிமிடம் நடத்திவிட்டு, ஏறும் மேடையிலிருந்து ஏறுங்கள். தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் வற்றிய முதுகு ஒரு பக்கமாக முறுக்கப்படும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் நாள் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு இறங்கிவிடுங்கள். குதிரை இன்னும் சொன்னபடி கேட்கும்போதே இறங்குவது முக்கியம்.

யார் ஏறுவது? துடிப்பான குதிரை என்பதால் "அடக்கத் தெரிந்தவர்" வேண்டும் என்று தேடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எடை குறைந்தவர், சமநிலை கலையாமல் உட்காருபவர், கை நிதானமானவர் வேண்டும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. மீண்டு வரும் குதிரைக்கு இன்னும் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் இந்த வகைக் குதிரை முன்னால் தள்ளும். பிடித்துத் தளர்த்துங்கள், பிடித்துத் தளர்த்துங்கள், பக்கவாட்டு நடை கேளுங்கள், நின்று புறப்படுங்கள்.

நடை மட்டுமே நாற்பது நிமிடத்துக்கு வரும்வரை ட்ராட் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ட்ராட், அதன் பிறகு கேன்டர்

காயத்தின் அளவைப் பொறுத்து நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் ட்ராட் தொடங்கும். முதல் பதினைந்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிட ட்ராட், இரண்டு நிமிட நடை, மீண்டும் ஒரு நிமிட ட்ராட். ட்ராட் மட்டும் மொத்தம் ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். தார்ச்சாலையில் வேண்டாம். சமமான மண் தரை போதும்.

இந்தக் கட்டத்தில் ஒருவர் தரையில் நின்று பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இது பல நேரம் தெரியாது. துடிப்பான குதிரை தலையை எப்போதும் ஆட்டிக்கொண்டிருப்பதால் பார்ப்பவரையும் ஏமாற்றும். கைப்பேசியில் படமெடுத்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

கேன்டருக்கு (ட்ராட்டைவிட வேகமான, பாய்ச்சலைவிட மெதுவான ஓட்டம்) முன் மீண்டும் ஸ்கேன். ஏழு, எட்டாம் மாதம் என்பது தோராயக் கணக்கு. முதலில் நேர்கோட்டில் அரை நிமிடம். திறந்த மைதானத்தில், லாயத்தை நோக்கிய திசையில் தொடங்காதீர்கள். பந்தயம் ஓடிப் பழகிய குதிரைக்கு அது புறப்பாட்டு மணி அடித்ததற்குச் சமம். வேலி போட்ட இடமும் சற்றே மேடான பாதையும் உதவும். பாய்ச்சலும் தடை தாண்டலும் கடைசியில், ஓர் ஆண்டு நெருங்கும்போது. சில குதிரைகளுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டிய வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். தரையை மாற்றிய வாரத்தில் இரண்டையும் தொடாதீர்கள்.

வெயில்

ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையிலோ மதுரையிலோ சூரியன் எழுவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். கடுமையாக உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல் வியர்வை இழக்கும். பயிற்சி முடிந்ததும் குளிர்ந்த நீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றுங்கள். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய பயத்துக்கு அடிப்படை இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. காலை மட்டும் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் நீரில் காட்டுவது தசைநாணுக்கு நல்லது. மூச்சு வாங்கியும் உடம்பு வியர்க்காமல் காய்ந்திருந்தால், உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், மருத்துவரை அழையுங்கள்.

பின்னடைவு வந்தால்

வரும். சற்றுச் சூடு, விரலுக்குத் தட்டுப்படும் வீக்கம், காலையில் முதல் இரண்டு அடி வைக்கும்போது விறைப்பு என ஏதோ ஒன்று வரும். மூன்று நாள் நடை மட்டும். மறைந்துவிட்டால் இரண்டு வாரத்துக்கு முந்தைய அட்டவணைக்குத் திரும்புங்கள். மறையவில்லையென்றால் ஸ்கேன். "நாளை சரியாகிவிடும், இன்று மட்டும் லேசாக ஓட்டிவிடலாம்" என்ற எண்ணத்துக்கு இடம் தராதீர்கள். நல்ல காலையும் மறக்க வேண்டாம். மாதக்கணக்கில் கூடுதல் சுமை தாங்கிய எதிர்க்கால்தான் அடுத்துக் கிழியக் காத்திருப்பது.

வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்த குதிரைக்கு வழக்கமான கணக்கு ஒரு மாதம் லாயம், ஒரு மாதம் சிறிய அடைப்பு, ஒரு மாதம் திறந்த மேய்ச்சல், அதன் பிறகு வேலை. குளம்புச் சீழ் என்றால் சில வாரங்களில் முடிந்துவிடும்; துளை மூடி, லாடம் ஏறி, நொண்டல் முழுதும் போன பிறகு ஏறுங்கள்.

முழு வேலைக்கு வந்த பிறகும் இரண்டு பழக்கத்தைக் கைவிடாதீர்கள்: அதிகாலைக் கைச்சோதனை, தொடக்கத்தில் பதினைந்து நிமிட நடை. வாரம் முழுவதும் லாயத்தில் நிறுத்திவைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாய்ச்சலுக்கு எடுத்துச் செல்வது இந்தக் குதிரைக்கு ஆகாது. வாரத்தில் ஐந்தாறு நாள் மிதமான வேலை வேண்டும். மழையாலோ பயணத்தாலோ பத்து நாள் இடைவெளி விழுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரம் பின்னுக்குப் புரட்டி, அன்று என்ன செய்தீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள்.